மூன்று வரிக் கேள்வி

நான் எழுதிய நிரல்களில் மிகச் சின்னது மூன்று வரி. காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்கும். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கு நான் வைத்த பெயர் 'காற்று_சரியா'. விசாரணைக்கு வந்த அதிகாரி இந்தப் பெயரை வின்ச் பெட்டிக்குள் மூன்று நாள் தேடினார். கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அதை அழித்ததே நான்தான்.

பெல்ட்டிலிருந்து தொடங்குகிறேன். ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. இறக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் சட்டம் இருந்தது. யாராவது செத்தால் கேள்வி கேட்க அது ஒன்றாவது மிச்சமிருந்தது. தொட்டியின் நடுப்பகுதியை இயந்திரங்கள் சுத்தம் செய்துவிட்டன. மூலைகளில் இறுகிப்போன சாயச் சேற்றை அவற்றால் அள்ள முடியவில்லை. அப்போதுதான் யாரோ ஒரு புத்திசாலி கேட்டார்: விஷவாயுவை மனிதனுக்கு முன்னால் கண்டுபிடித்து, அவனைத் தானாகவே மேலே தூக்கிவிடும் ஒரு கருவி இருந்தால்? ஆபத்தே இல்லாத வேலைக்குத் தடை எதற்கு?

அந்தக் கருவியைச் செய்யும் டெண்டர் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. செய்து கொடுத்தோம். சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: சான்று பெற்ற பெல்ட்டை அணிந்தவர் இறங்கலாம். யார் இறங்குவார்கள் என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நம் ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். அந்த வரி சேர்ந்த அன்று எங்கள் கோயம்புத்தூர் ஆபீசில் கேக் வெட்டினோம். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

கருவி இரண்டு பகுதி. கீழே இறங்குபவர் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பெல்ட். அதில் வாயுவை முகரும் சென்சார். மேலே, தொட்டியின் வாயருகே, கயிற்றைச் சுற்றும் வின்ச். அதன் பெட்டியில் பச்சை, சிவப்பு என்று இரண்டு விளக்கு. கயிற்றுக்குள் ஓடும் கம்பி இரண்டையும் இணைக்கும். காற்று கெட்டால் பெல்ட் பீப் பீப் என்று கத்த வேண்டும். அதே நொடியில் மேலே சிவப்பு எரிந்து, வின்ச் தானாக ஆளைத் தூக்க வேண்டும். சென்சார் சொல்வதை வாங்கி மற்ற பாகங்களுக்குச் சொல்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பதினாறு வருஷமாக நான் எழுதிவந்தது அதைத்தான்.

எல்லாம் நன்றாக வேலை செய்தது, பேட்டரியைத் தவிர. டெண்டரில் எட்டு மணி நேரம் கேட்டிருந்தார்கள். எங்கள் பெல்ட் ஏழு மணி இருபது நிமிஷத்தில் உயிரை விட்டது. எங்கள் டீம் தலைவர் வாசுதேவன் என் மேஜைக்கு வந்து நின்றார். வாசு கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

"எங்க போகுது ஜெசிந்தா இவ்ளோ கரன்ட்டு?" என்றார்.

"காற்று சரியான்னு செகண்டுக்கு நாலாயிரம் தடவை கேக்குறோம். கேள்வி என்னமோ மூணு வரிதான். ஆனா ஒவ்வொரு தடவையும் செய்யற வேலைய நிறுத்தி, அங்க போயி, கேட்டு, திரும்பி வரணும். கேள்விய விட, போக்குவரத்துக்குத்தான் செலவு."

"கேக்கறதக் குறைச்சா?"

"நாலாயிரம்னு சான்றுல எழுதிக் கொடுத்தாச்சு."

"அப்ப ஒட்டிடு," என்றார் வாசு.

ஒட்டுவது என்பது எங்கள் ஆபீஸ் பாஷை. உலகம் அதை இன்லைன் என்று சொல்லும். ஒரு சின்ன ஃபங்ஷனை, அதாவது ஒரே ஒரு வேலையைச் செய்யும் சில வரி நிரலை, தனியாக ஓரிடத்தில் வைத்து, தேவைப்படும்போதெல்லாம் கூப்பிடலாம். அல்லது கூப்பிடுகிற ஒவ்வொரு இடத்திலும் அந்த மூன்று வரியையே பிரதியெடுத்துப் பதித்துவிடலாம். பதித்துவிட்டால் போக்குவரத்து மிச்சம். கூப்பிட ஆள் இல்லாததால் பெயரும் தேவையில்லை. கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாறும்போது பெயர் காணாமல் போய்விடும். காப்பி மெஷினுக்கு மேலே எங்கள் டீமின் விதி ஒரு தாளில் தொங்கியது: 'மூன்று வரிக்குள் இருக்கிறதா? அடிக்கடி கூப்பிடுகிறோமா? ஒட்டு.' புதிதாகச் சேருபவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு அவர்களும் ஒட்டுவார்கள்.

அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: இது பின்னால் மாறுமா? மாறக்கூடியதை ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது எத்தனை இடத்தில் இருக்கிறதோ அத்தனை இடத்திலும் மாற்ற வேண்டும், மாற்ற முடியாத இடம் ஒன்று இருந்தால் அங்கே பழையது அப்படியே உட்கார்ந்திருக்கும். பதினாறு வருஷம் டிரைவர் எழுதியவளுக்கு இது தெரியாதா? தெரியும். காற்றைப் பற்றி இனிமேல் புதிதாக என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். ஒட்டினேன். பேட்டரி எட்டு மணி பத்து நிமிஷம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏழு மாதம் கழித்துக் காற்றைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் பெல்ட்டை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டுக்கொண்டிருந்தார். வால்வு கையிலிருந்து நழுவி வாயு மொத்தமாக உள்ளே போய்விட்டது. சென்சாரின் அளவு மளமளவென்று ஏறியது. எச்சரிக்கை அளவைத் தொடும் முன்பே சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. பெல்ட் கத்தவே இல்லை. அளவுக்கு மீறிய வாயுவில் சென்சாரே மயங்கி விழுந்துவிட்டிருக்கிறது. என் மூன்று வரிக்கு அது எப்படித் தெரியும்? எண் குறைவாக இருந்தால் காற்று சரி என்றுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பூஜ்யத்தை விடக் குறைந்த எண் ஏது? காற்று பரிசுத்தம் என்று பதில் சொல்லிவிட்டது.

அன்றைக்கே திருத்தினேன். ஏறிக்கொண்டிருந்த அளவு திடீரென்று பூஜ்யமானால் அது ஆபத்து. மூன்று வரி ஏழு வரியானது. பெல்ட்டுகளைக் காலையில் சார்ஜரில் மாட்டும்போதே புதிய நிரல் ஏறிவிடும். ஒரே வாரத்தில் எல்லா பெல்ட்டும் திருந்திவிட்டன. வின்ச் திருந்தவில்லை. நான் வாசுவிடம் போனேன்.

"வின்ச்சையும் திரும்பக் கட்டணும் வாசு. அதுக்குள்ள பழைய மூணு வரி ஒட்டியிருக்கு."

"அது சீல் வச்ச பெட்டி ஜெசிந்தா. தூக்குற மெஷின். ஒரு எழுத்து மாத்தினாலும் திரும்பச் சான்று வாங்கணும். அஞ்சு மாசம். அதுவரைக்கும் முந்நூறு தொட்டியில வேலை நிக்கும். யார் பதில் சொல்றது?"

"நாம ஒட்டாம விட்டிருந்தா, வின்ச் பெல்ட்டுல இருக்கிற பொது டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கும். சார்ஜர்ல மாட்டினதும் அதுவும் சரியாயிருக்கும்."

"ஒட்டாம விட்டிருந்தா டெண்டரே வந்திருக்காதும்மா." சிரித்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்தினார். "பெல்ட்டுதான் கத்துமே? கீழ இருக்கிறவருக்குக் கேக்கும். கயிறை ஆட்டுவாரு, மேல இருக்கிறவங்க கையால சுத்தித் தூக்கிடுவாங்க. வின்ச்ச அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். சரியா?"

"சரி," என்றேன்.

இதைவிடச் சின்ன ஃபங்ஷனை நான் எழுதியதில்லை.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் தொட்டிக்குள் சந்துரு செத்துப்போனது அதிலிருந்து ஒன்பது வாரத்தில். முப்பத்தொரு வயது. காலை பதினொரு மணி, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. மேலே வின்ச்சில் நின்றவள் அவர் மனைவி மேகலா. கீழே ஒருவர், மேலே அவர் வீட்டு ஆள் ஒருவர் என்று இறக்குவது அந்தக் கான்ட்ராக்டரின் வழக்கம். சொந்தக்காரர் மேலே நின்றால் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று காரணம் சொல்வார்களாம். கவனமாகத்தான் பார்த்திருக்கிறாள். பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

போலீஸ் அவள்மேல் வழக்குப் போட்டது. கருவியின் பதிவு தெளிவாக இருந்தது: 11:14:07, பெல்ட் எச்சரித்தது. 11:16:40, கையால் கயிறு சுற்றப்பட்டது. நடுவில் இரண்டரை நிமிஷம். எச்சரிக்கையைக் கேட்டும் தூக்காமல் கணவரைச் சாக விட்டவள் என்று செய்தியில் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் சண்டை இருந்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். அந்தப் பதிவைப் பிரதியெடுத்துப் போலீசுக்கு அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. வின்ச் என்ன நினைத்தது என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. பெயரோடு கூப்பிட்டிருந்தால், கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் பதிவாகியிருக்கும். ஒட்டிய கேள்விக்குப் பதிவு கிடையாது.

அந்தச் சனிக்கிழமை மதியம் திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அதுதான் உண்மை.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. மேகலா ஜாமீனில் வந்திருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். அவளுடைய தம்பி விக்னேஷ் வாசற்படியில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். பெல்ட் செய்த கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நின்றான்.

"இன்னும் என்ன வேணுமுங்க உங்களுக்கு? அக்கா கையெழுத்தெல்லாம் போடாது."

"கையெழுத்து கேக்க வரல. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

"அதத்தான் ஊரே கேக்குதுங்களே," என்றாள் மேகலா உள்ளிருந்து. குரல் வற்றிப்போயிருந்தது. "உள்ள வாங்க மேடம்."

அவள் சொன்னாள். பதினொரு மணி வாக்கில் கீழே பெல்ட் சத்தம் கேட்டது. சார்ஜ் குறைந்தாலும் அது அப்படித்தான் கத்தும். குனிந்து பார்த்தாள், சந்துரு மூலையில் இருந்ததால் ஆள் தெரியவில்லை. விளக்கைப் பார்த்தாள். பச்சை.

"பச்சை எரியறப்ப இழுக்கக் கூடாதுன்னு அட்டையில எழுதித் தொங்க விட்டிருக்காங்க மேடம். போன வருஷம் ஒருத்தரு பச்சையில இழுத்து, கீழ இருந்தவரு கை பைப்புல மாட்டித் தோள் எறங்கிப் போச்சு. இழுத்தவர வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. நான் சூப்பர்வைசரக் கூப்பிட்டேன். 'பச்சைதானே எரியுது, அப்பறம் என்ன?'ன்னாரு. இவரு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமில்ல. அதுக்கு மேல பொறுக்காமத்தான் கையில சுத்துனேன்." என் பக்கம் திரும்பினாள். "சிவப்பு எரிஞ்சிருக்குமுங்களா மேடம்? நான் சரியாப் பாக்கலையோ? ராவும் பகலும் அதையேதான் நெனச்சுட்டுக் கெடக்கறேன். ஒருவேளை சிவப்பா எரிஞ்சு, எனக்குத்தான் பச்சையாத் தெரிஞ்சுதோ என்னமோ."

அவள் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள்.

"பச்சைதான் எரிஞ்சுது," என்றேன். "நீ சரியாத்தான் பாத்த."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதை எரிய வச்சது நான்தான்."

சொன்னேன். மூன்று வரியையும் சென்சாரின் மயக்கத்தையும் சொன்னேன். ஒட்டியதைச் சொல்லும்போதுதான் தடுமாறினேன். "காத்து சரியான்னு கேக்க ஒரு ஆள் வச்சிருந்தோம்னு வை. பெல்ட்டும் வின்ச்சும் அந்த ஆளைத்தான் கேக்கணும். போய்க் கேட்டு வர நேரமாகுதுன்னு, அந்த ஆளுக்குத் தெரிஞ்சதை எழுதி ரெண்டு பெட்டிக்குள்ளயும் ஒட்டிட்டோம். பின்னால அவருக்குத் தெரிஞ்சது தப்புன்னு தெரிய வந்துச்சு. பெல்ட்டுல இருந்ததைக் கிழிச்சிட்டுப் புதுசு ஒட்டினோம். வின்ச்சுல ஒட்டினது பழசாவே இருந்துச்சு."

விக்னேஷுக்குப் புரியவில்லை. மேகலாவுக்கு உடனே புரிந்தது.

"அப்ப ஒரே காத்த, கீழ இருந்தது விஷம்னு சொல்லுச்சு. மேல இருந்தது நல்ல காத்துன்னு சொல்லுச்சு. நான் மேல இருந்ததக் கேட்டேன்."

"ஆமா."

"வின்ச்சுல பழசு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸில் வரும்போதே தெரியும். "தெரியும்," என்றேன். "ஒரு தடவை சொன்னேன். அப்புறம் பாத்துக்கலாம்னாங்க. சரின்னுட்டேன்."

விக்னேஷ் என்னை அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மேகலா அழுதாள், சத்தமாக, வாய்விட்டு. தன் கை கொல்லவில்லை என்று தெரிந்த அழுகை. என்னைத் திட்டக்கூட அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

"இத ஜட்ஜு முன்னால சொல்லுவீங்களாக்கா?" என்றாள். எப்போது மேடம் அக்காவானது என்று நான் கவனிக்கவில்லை.

சொன்னேன். அதற்கு முன்பே வேலையை விட்டேன், அல்லது விட வைத்தார்கள். இரண்டும் ஒரே தேதியில் நடந்தது. வாசு மட்டும் வாசல்வரை வந்தார். "உன் பேரே அதுல இல்லம்மா. யாருக்கும் தெரியாது. எதுக்கு நீயா போய் மாட்டிக்கிற?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

ஜட்ஜ் நியமித்த விசாரணை அதிகாரி இந்திராணி பொறியியல் படித்தவர், ஓய்வு பெற இன்னும் சில வாரங்களே இருந்தன. பொறுமைசாலி. மூன்று நாள் வின்ச்சின் நிரலைத் தேடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க சொல்ற பேர்ல இதுக்குள்ள எதுவுமே இல்லையேம்மா. இல்லாத ஒண்ணு தப்பு செஞ்சுதுன்னு நான் எப்படி எழுதறது?"

"பேர்தான் மேடம் இல்ல. ஆள் உள்ளதான் இருக்கு."

பெல்ட்டின் பழைய நிரலிலிருந்து அந்த மூன்று வரி கணினி வடிவத்தில் எப்படி இருக்கும் என்று எடுத்துக் காட்டினேன். பதினான்கு எண்களின் வரிசை. அதே பதினான்கு எண்கள் வின்ச்சுக்குள் ஐந்து இடங்களில் இருந்தன, பெயரில்லாமல், முன்னால் இருந்ததோடும் பின்னால் இருந்ததோடும் கலந்து. கம்பெனியின் வக்கீல் அது தற்செயல் என்றார். இந்திராணி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சந்துருவின் பெல்ட் அன்று பதிந்த அளவுகளை அப்படியே இரண்டு பெட்டிக்கும் ஊட்டச் சொன்னார். அளவு ஏறியது, விழுந்தது. மேஜையின் இந்தப் பக்கம் பெல்ட் கத்தியது. அந்தப் பக்கம் வின்ச் பெட்டியில் பச்சை எரிந்தது. அறையில் இருந்த எட்டுப் பேரும் பார்த்தார்கள். மேகலா பின்வரிசையில் எழுந்து நின்று பார்த்தாள்.

அவள்மேல் இருந்த வழக்கு போனது. அறிக்கை நாற்பது பக்கம் வந்தது. முக்கியமான வரி எனக்கு மனப்பாடம்: 'பெல்ட்டும் வின்ச்சும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பதில்களைத் தந்ததே மரணத்துக்குக் காரணம். இரண்டும் எப்போதும் ஒரே பதிலைத் தருமாறு செய்யப்படும்வரை கருவியைப் பயன்படுத்தக் கூடாது.' படித்துவிட்டு அழுதேன். ஒரு தடவையாவது சரியான இடத்தில் வாயைத் திறந்தோமே என்று இருந்தது. தொட்டிகள் எல்லாம் மூடப்பட்டன. பழைய சட்டத்தால் ஆகாததை என் வாக்குமூலம் செய்துவிட்டது என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது. ஐந்து மாதம் யாரும் இறங்கப்போவதில்லை. அதற்குள் எதுவும் மாறலாம்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மேகலாவிடமிருந்து போன் வந்தது. உற்சாகமாக இருந்தாள். அவளை அப்படிக் கேட்டதே இல்லை.

"அக்கா, வேலைக்கு வந்துட்டேனுங்க. சந்துரு வேலைய தம்பிக்குப் போட்டுக் குடுத்துட்டாங்க. பழைய பட்டறைதான். உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லோணும்னு."

"என்ன வேலை? தொட்டியெல்லாம் மூடியிருக்குல்ல?"

"நேத்தே தெறந்துட்டாங்களே. எல்லாம் சரி பண்ணி, ரிப்போர்ட்டுல கேட்ட மாதிரியே ரெண்டும் ஒரே பதில் சொல்லுதுன்னு பேப்பர் ஒட்டியிருக்காங்க. நெசமாத்தானுங்கக்கா. முந்தி பெல்ட்டு சும்மா சும்மா கத்தும், இங்க பச்சையா இருக்கும், ஒரே கொழப்பமா இருக்கும். நேத்து பூரா ஒரு பீப் சத்தம் இல்ல. மேலயும் பச்சை, கீழயும் கம்முனு இருக்குது. உங்களாலதானக்கா."

நான் கணக்குப் போட்டேன். சீல் வைத்த வின்ச்சைப் பிரித்து, திரும்பக் கட்டி, சான்று வாங்க ஐந்து மாதம். ஆகியிருப்பது பத்தொன்பது நாள். வின்ச்சை யாரும் தொட்டிருக்க முடியாது. வின்ச்சைத் தொடாமல் இரண்டையும் ஒரே பதில் சொல்ல வைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. என் ஏழு வரியைப் பெல்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, பழைய மூன்று வரியைத் திரும்ப வைப்பது. அதற்குப் புதுச் சான்றும் வேண்டாம். ஏற்கெனவே சான்று பெற்றதுதான்.

"மேகலா, விக்னேஷ் எங்க?"

"கீழ இருக்கான். எறங்கி இருவது நிமிஷம் இருக்கும்."

"கயிறை இழு."

"ஏனுங்கக்கா?"

"இழுன்னு சொல்றேன். கையால சுத்து. இப்பவே."

"பச்சைதானக்கா எரியுது?"

"அதை நம்பாத. அதுக்குக் காத்துப் பத்தி ஒண்ணும் தெரியாது. பெல்ட்டையும் பழையபடி ஆக்கிட்டாங்க மேகலா. இப்ப ரெண்டும் சேர்ந்து பொய் சொல்லும்."

அவள் மெதுவாக, புரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டாள்.

"பச்சையவும் நம்பக் கூடாது, கம்முனு இருந்தாலும் நம்பக் கூடாதுன்னா, அப்பறம் இந்தப் பெல்ட்டு எதுக்குங்கக்கா?"

இதற்குப் பதில் எனக்கு அந்தக் கேக்கைச் சாப்பிட்ட நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். வாயிலிருந்து வந்தபோதுதான் தெரிந்தது.

"மேல தூக்கறதுக்கு இல்ல. உங்களக் கீழ இறக்கறதுக்கு."

போனை எங்கோ வைத்த சத்தம். பிறகு வின்ச்சின் கைப்பிடி சுற்றும் சத்தம், கட கட கடவென்று. யாரோ ஆண்குரல், சூப்பர்வைசராக இருக்க வேண்டும், "ஏய், என்ன பண்ற நீ? பச்சையில என்ன பண்ற?" என்று கத்தியது. கைப்பிடி நிற்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் விக்னேஷின் குரல் கேட்டது. கெட்ட வார்த்தையில் அக்காவைத் திட்டினான். வேலை பாதியில் கிடக்கிறது, முழங்கை சிராய்த்துவிட்டது, உனக்குப் பைத்தியமா என்றான். அவ்வளவு அழகான வசவை நான் கேட்டதில்லை.

அன்றைக்குத் தொட்டியில் விஷவாயு எதுவும் இருக்கவில்லை. பிறகு சோதித்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அது மேகலாவுக்கு எதிராகப் போனது. வாயு இல்லை, விளக்கு பச்சை, பெல்ட் அமைதி. மூன்றும் பொருந்தியிருக்கும்போது வேலையை நிறுத்தியவள் என்று எழுதி, அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள். அவளோடு விக்னேஷும் வெளியே வந்தான். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. இப்போது பனியன் கம்பெனியில் பண்டல் தூக்குகிறான், உயிரோடு இருக்கிறான்.

நான் இந்திராணிக்கு எழுதினேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர், அறிக்கையின் பரிந்துரை முழுமையாக நிறைவேற்றப்பட்டுவிட்டதாகப் பதில் போட்டார். வாசுவுக்குப் போன் செய்தேன். எடுத்தார், அதற்காக நன்றி சொல்ல வேண்டும்.

"ரிப்போர்ட்டுல என்ன கேட்டாங்களோ அதைத்தான் செஞ்சோம். ரெண்டும் ஒரே பதில் சொல்லணும்னாங்க. சொல்லுது," என்றார்.

"சரியான பதிலா வாசு?"

"அது ரிப்போர்ட்டுல இல்ல ஜெசிந்தா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாங்க புதுசா ஒண்ணும் எழுதல. நீ எழுதின மூணு வரியத்தான் திரும்ப வச்சோம்."

மேகலா நின்ற இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன், வாட்ச்மேன் கேட்டுக்கு உள்ளே விடவில்லை. கம்பி வழியாகத் தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும், நிதானமான ஆள், விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கீழே இருப்பது அவர் மகன் என்று வாட்ச்மேன் சொன்னார்.